சாம்பல் மேட்டின் மேல் பெய்த மழை: ஃபுளோரன்ஸ் புயலும் ‘விதிப்படிதான் நடந்தோம்’ என்ற பதிலும்

2018 செப்டம்பர் 14 அன்று ஃபுளோரன்ஸ் புயல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், வில்மிங்டன் நகருக்கு அருகே கரையைக் கடந்தது. அந்நகரை ஒட்டியுள்ள சட்டன் மின்நிலைய வளாகத்தில் நிலக்கரிச் சாம்பல் கிடங்கின் சரிவு மழையில் அரித்துவிட்டதாகவும், சுமார் 2,000 கன கெஜம், அதாவது ஏறத்தாழ 1,530 கன மீட்டர் சாம்பல் இடம்பெயர்ந்துவிட்டதாகவும் வளாகத்தின் உரிமையாளரான டியூக் எனர்ஜி நிறுவனம் மறுநாள் அறிவித்தது. சுமார் 180 லாரிச் சுமை என்று செய்திகள் கணக்குச் சொல்லின. ஆறு நாள் கழித்து அதே வளாகத்திலிருந்து இன்னொரு செய்தி வந்தது: பெருக்கெடுத்த கேப் ஃபியர் ஆறு, மின்நிலையத்தின் குளிரூட்டும் ஏரிக்குள் புகுந்து, பழைய சாம்பல் குளத்தையும் மூழ்கடித்துவிட்டது.

இந்த இரண்டு செய்திகளும் ஒன்றாகக் கலந்தே பலரையும் சென்றடைந்தன. ‘பாதுகாப்பான நவீனக் கிடங்கு’ என்று சொல்லப்பட்ட அமைப்பு ஒரு மழைக்கே கரைந்தது எப்படி, அது விதிமீறல் ஆகுமா, ஆகாது என்றால் விதி எதற்கு, ‘விதிப்படிதான் நடந்தோம்’ என்று நிறுவனம் சொன்னால் அது போதுமா என்ற கேள்விகள் அதன் பிறகும் அடங்கவில்லை. இவற்றுக்கு விடை காண, சாம்பலை வைத்திருக்கும் முறைகளையும் அவற்றுக்கான விதிகளையும் அடியிலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

சாம்பலில் என்ன இருக்கிறது

நிலக்கரியில் எரியக்கூடியது எரிந்து போனபின் எரியாத தாதுக்கள் மிஞ்சுகின்றன. புகையோடு மேலெழும் நுண்துகளை வடிகட்டிப் பிடித்தால் அது பறக்கும் சாம்பல். கொதிகலனின் அடியில் தங்கும் கனமான பகுதி அடிச்சாம்பல். நிலக்கரியில் மிகச் சிறிதளவே இருக்கும் ஆர்சனிக், செலினியம், ஈயம், பாதரசம், காட்மியம், போரான் போன்றவை, கரி எரிந்து குறையக் குறையச் சாம்பலில் செறிகின்றன. தண்ணீர் படாத வரை பெரும்பாலும் தூசிதான் இதன் தொல்லை. தண்ணீர் பட்டால் இவற்றில் சில கரைந்து வெளியேறுகின்றன.

அமெரிக்கச் சட்டத்தில் இச்சாம்பல் ‘அபாயகரக் கழிவு’ என்ற பிரிவில் இல்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2015 ஏப்ரலில் வெளியிட்ட நாடளாவிய விதி, இதைச் சாதாரணத் திடக்கழிவுப் பிரிவிலேயே வைத்து, தனி நிபந்தனைகளை மட்டும் சேர்த்தது. வட கரோலினாவில் ‘தொழிற்சாலைக் கழிவுக் கிடங்கு’ என்ற தலைப்பில் இத்தகைய இடங்களுக்கு அனுமதி தரப்படுவதும் இந்த வகைப்பாட்டை ஒட்டியதுதான்.

குளம் வேறு, கிடங்கு வேறு

பல பத்தாண்டுகளாக மின்நிலையங்கள் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே ஒரு பள்ளத்துக்கு அனுப்பி, படியவிட்டன. இது சாம்பல் குளம். பெரும்பாலானவற்றுக்கு அடியில் விரிப்பு ஏதும் கிடையாது. மண் கரையே அணை. இந்த அணைகள் எப்படித் தோற்கும் என்பதை டென்னசி மாநிலத்தின் கிங்ஸ்டன் மின்நிலையம் 2008 டிசம்பர் 22 அன்று காட்டியது. அங்கே கரை சரிந்து 54 லட்சம் கன கெஜம் சாம்பல் 300 ஏக்கர் பரப்பில் பரவியது. 2014 பிப்ரவரி 2 அன்று வட கரோலினாவின் டான் ஆற்றங்கரையில் உடைந்தது கரை கூட இல்லை. டியூக் எனர்ஜியின் சாம்பல் குளத்துக்கு அடியில் பதிக்கப்பட்டிருந்த, 48 அங்குல விட்டமுள்ள மழைநீர் வடிகால் குழாய் ஒன்று இற்றுப்போய், சுமார் 39,000 டன் சாம்பல் அதன் வழியே ஆற்றுக்குள் போனது. நிறுவனம் 2015இல் தூய நீர்ச் சட்டத்தின் கீழான குற்றங்களை ஒப்புக்கொண்டு 10.2 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது.

அந்நிகழ்வை அடுத்து 2014இல் வட கரோலினா தனக்கெனச் சாம்பல் மேலாண்மைச் சட்டம் ஒன்றை இயற்றியது. சட்டன் உள்ளிட்ட சில இடங்களின் குளங்களைத் தோண்டி, சாம்பலை விரிப்பிட்ட கிடங்குக்கு மாற்ற வேண்டும் என்றும், சட்டனில் அந்த வேலை 2019 ஆகஸ்டுக்குள் முடிய வேண்டும் என்றும் அச்சட்டம் கெடு வைத்தது. ஆகவே புயல் வந்த நாளில் அந்த வளாகத்தில் இரண்டு அமைப்புகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன: காலிசெய்யப்பட்டுக்கொண்டிருந்த பழைய குளம் ஒன்று, நிரம்பிக்கொண்டிருந்த புதிய கிடங்கு ஒன்று. செப்டம்பர் 15இல் அரித்தது கிடங்கின் சரிவு; காரணம், மேலிருந்து பெய்த மழை. செப்டம்பர் 21இல் மூழ்கியது பழைய குளம். காரணம், பக்கவாட்டில் வந்த ஆற்று வெள்ளம். இரண்டுக்கும் பொருந்தும் விதிகள் வெவ்வேறு, அளவுகோல்கள் வெவ்வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் ‘சட்டனில் சாம்பல் கசிந்தது’ என்று எழுதுவதுதான் குழப்பத்தின் பாதிக் காரணம்.

கிடங்கு எப்படிக் கட்டப்படுகிறது, எங்கே பலவீனமாகிறது

கிடங்கில் சாம்பல் ஈரப்பதத்தோடு கொட்டப்பட்டு, உருளை இயந்திரத்தால் அடுக்கடுக்காக அழுத்தப்படுகிறது. அடித்தளத்துக்கான நிபந்தனைகள் கண்டிப்பானவை. குறைந்தது 2 அடி தடிமனுள்ள, நொடிக்கு 1 சென்டிமீட்டரின் கோடியில் ஒரு பங்குக்கு மேல் நீரை இறக்காத மண் படுகை வேண்டும். ஒரு முழு ஆண்டில் இந்த மண்ணில் தண்ணீர் சுமார் 3 சென்டிமீட்டர்தான் இறங்கும் என்பது இதன் பொருள். அதன் மேல் பிளாஸ்டிக் விரிப்பு. அடர் பாலிஎத்திலீன் என்றால் சுமார் 1.5 மில்லிமீட்டர் தடிமன். அதற்கும் மேலே, சாம்பலில் ஊறி இறங்கும் கசிவுநீரைச் சேகரிக்கும் வடிகால் அடுக்கு. விரிப்பின் மேல் கசிவுநீர் 30 சென்டிமீட்டருக்கு மேல் தேங்காதபடி அது வடிவமைக்கப்பட வேண்டும்.

இத்தனையும் கீழே இருப்பவை. நிலத்தடி நீரைக் காப்பதற்காக எழுதப்பட்ட ஏற்பாடுகள் இவை. அந்த வேலையை இவை செய்யவும் செய்கின்றன. புயல் மழையோ மேலிருந்து வருகிறது. மேட்டின் சரிவை அது தாக்கும்போது, 2 அடி மண்ணும் விரிப்பும் பார்வையாளர்கள்தான்.

ஒரு சரிவை அருகே நின்று பார்த்தால் அரிப்பு எப்படித் தொடங்குகிறது என்பது விளங்கும். பறக்கும் சாம்பல் கையில் எடுத்தால் மாவு போல இருக்கும். களிமண்ணில் இருக்கும் ஒட்டும் தன்மை இதில் இல்லை. ஈரமான நிலையில் உறுதியாக நிற்பது போலத் தோன்றுவதற்குத் துகள்களுக்கு இடையே உள்ள சிறிதளவு நீரின் இழுவிசையே காரணம். கடற்கரையில் ஈர மணலில் கட்டிய கோபுரம் நிற்பதும் இப்படித்தான். மழை தொடர்ந்து துகளிடைவெளிகள் முழுக்க நிரம்பியவுடன் அந்த இழுவிசை மறைந்துவிடுகிறது. முதலில் விரல் அகலத்துக்குச் சரிவில் கோடுகள் விழுகின்றன. அடுத்து வரும் நீர் புதுப் பாதை தேடாமல் இருக்கும் கோட்டிலேயே சேர்ந்து ஓடுகிறது. கோடு வாய்க்கால் ஆகிறது. வாய்க்காலின் பக்கச் சுவர்கள் உள்ளே சரிகின்றன. ஆள் இறங்கி நிற்கும் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டுப்பட ஒரே இரவு போதும்.

இதைத் தடுக்கும் வழிகள் புதியவையல்ல: சரிவை நீளமாக விடாமல் படிப்படியாக வெட்டுதல், மேல்தட்டு நீரைத் தனி வாய்க்காலில் திருப்புதல், சில வாரங்களுக்கு வேலை நடக்காத பகுதியை மண்ணாலோ விரிப்பாலோ தற்காலிகமாக மூடுதல். ஆனால் சாம்பல் கொட்டிக்கொண்டிருக்கும் முகப்பை மூட முடியாது. எந்தக் கிடங்கும் மிகப் பலவீனமாக இருப்பது அது நிரம்பிக்கொண்டிருக்கும் ஆண்டுகளில்தான். இதில் ஒரு முரண் உண்டு. குளத்தைக் காலிசெய்யக் கெடு நெருங்க நெருங்கக் கிடங்கில் கொட்டும் வேகம் கூடுகிறது; வேகம் கூடினால் திறந்து கிடக்கும் முகப்பும் பெரிதாகிறது. பழைய ஆபத்தை விரைவில் நீக்க எழுதப்பட்ட சட்டம், புதிய ஆபத்தின் பரப்பைச் சில ஆண்டுகளுக்கு விரிக்கவும் கூடும். கெடு வைத்தது தவறு என்பது இதற்குப் பொருளல்ல. கெடுவோடு மூடல் அட்டவணையும் கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

‘25 ஆண்டு மழை’ என்றால் என்ன

2015 விதி, கிடங்குகள் மேற்பரப்பு நீரைக் கையாள வேண்டிய அளவுக்கு ஒரே ஓர் அளவுகோலை வைக்கிறது: 25 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய, 24 மணி நேர மழை. வெளியிலிருந்து கிடங்குக்குள் நீர் ஓடிவராமல் தடுக்கும் ஏற்பாடும், உள்ளே பெய்த நீரைப் பிடித்து அடக்கும் ஏற்பாடும் இந்த மழையைத் தாங்கினால் போதும். சாம்பல் குளங்களுக்கோ, உடைந்தால் உயிர்ச்சேதம் நேருமா என்பதைப் பொறுத்து 100 ஆண்டு வெள்ளம், 1,000 ஆண்டு வெள்ளம், நேரக்கூடிய உச்ச வெள்ளம் என்று அளவுகோல் ஏறுகிறது. அணை உடைவதும் சரிவு அரிப்பதும் ஒன்றல்ல என்பதால் இந்த வேறுபாட்டில் நியாயம் உண்டு. ஆயினும் 25 ஆண்டு மழை என்ற சொற்றொடரை மூன்று வகையில் தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு இருக்கிறது.

1. அது ஒருமுறை வந்தால் அடுத்த 25 ஆண்டுக்கு வராது என்பதில்லை. எந்த ஓர் ஆண்டிலும் அதற்கு 4 சதவீத வாய்ப்பு என்பதே பொருள். 25 ஆண்டுகள் இயங்கும் கிடங்கு ஒன்றில் அந்த அளவையோ அதற்கு மேலோ ஒருமுறையாவது மழை பெய்ய 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. மூடிய பின் 30 ஆண்டு பராமரிக்க வேண்டும் என்று விதி சொல்கிறது; அந்தக் காலத்துக்கு மட்டும் கணக்கிட்டால் வாய்ப்பு 70 சதவீதத்தைத் தாண்டுகிறது.

2. அது பழைய மழைப் பதிவுகளிலிருந்து கணக்கிடப்பட்ட எண். பதிவுகள் எடுக்கப்பட்ட காலத்தின் வானிலை மாறாது என்ற அனுமானம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. 2018இல் வில்மிங்டனில் பெய்த மொத்த மழை 100 அங்குலத்தைத் தாண்டி, அந்நகரின் பழைய பதிவுகளை எல்லாம் கடந்தது. நீர்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தை 5 ஆண்டுக்கு ஒருமுறை திருத்த வேண்டும் என்று விதி சொன்னாலும், திருத்தத்துக்கு அடிப்படையாகும் மழை அட்டவணை பழையதாகவே இருந்தால் புதிய திட்டமும் பழைய எண்ணையே பேசும்.

3. அது 24 மணி நேர மழை. ஃபுளோரன்ஸ் ஆள் நடக்கும் வேகத்தில் நகர்ந்த புயல். மழை நாள் கணக்கில் நின்று பெய்தது. வில்மிங்டன் விமான நிலையத்தில் சுமார் 23 அங்குலமும், உள்நாட்டில் உள்ள எலிசபெத்டவுன் பகுதியில் ஏறத்தாழ 36 அங்குலமும் பதிவாயின. முதல் நாளின் நீரைப் பிடித்து நிரம்பிய தொட்டியில் இரண்டாம் நாளின் நீருக்கு இடமில்லை. மின்சாரமும் துண்டிக்கப்பட்டு, வேலையாட்களும் ஊரைக் காலிசெய்துவிட்டால், தொட்டியை இறைக்கவும் வழியில்லை.

மூன்றாவதைத்தான் நான் முதன்மையாகக் கருதுகிறேன். 23 அங்குல மழை ஒரு ஹெக்டேர் பரப்பில் சுமார் 58 லட்சம் லிட்டர். சாம்பலைத் தொட்ட நீர் எதுவும் சாதாரண மழைநீராகக் கருதப்படாது. அதைச் சேகரித்து, அனுமதிக்கு உட்பட்டே வெளியேற்ற வேண்டும். திறந்து கிடக்கும் முகப்பு ஒவ்வொரு ஹெக்டேர் கூடும்போதும் இந்த 58 லட்சம் லிட்டரும் கூடுகிறது.

நிறுவனம் விதிப்படி நடந்ததா என்பதை எப்படிச் சோதிப்பது

அளவுகோலுக்கு மேல் மழை பெய்துவிட்டால் எல்லாப் பொறுப்பும் கழன்றுவிடுமா என்றால், இல்லை. அளவுகோல் வடிவமைப்பைப் பற்றியது; பராமரிப்பு, அறிவிப்பு, சீரமைப்பு ஆகிய கடமைகள் மழையின் அளவைக் கேட்டு வருவதில்லை. ஒரு கிடங்கில் சேதம் நேர்ந்தால் ஆவணங்களில் கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

1. வாராந்திரச் சோதனை. தகுதி பெற்றவர் 7 நாளுக்கு ஒருமுறையாவது கிடங்கைப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை உரிமம் பெற்ற பொறியாளர் சோதிக்க வேண்டும். புயலுக்கு முந்தைய வாரங்களின் பதிவில் அரிப்புக் கோடுகள், அடைபட்ட வாய்க்கால்கள் பற்றிய குறிப்பு இருந்து, அவை சரிசெய்யப்படாமல் விடப்பட்டிருந்தால், புயல் காரணமல்ல, புயல் சாட்சி.

2. சீரமைப்பு. சோதனையில் குறையோ வெளியேற்றமோ தெரிந்தால் இயன்ற விரைவில் சரிசெய்து, எடுத்த நடவடிக்கையை ஆவணப்படுத்த வேண்டும். ‘இயன்ற விரைவில்’ என்பது நாள் எண்ணிக்கை இல்லாத சொல். விவாதங்களில் பாதி இதைச் சுற்றியே நடக்கும்.

3. அறிவிப்பு. நீர்நிலைக்குள் கழிவுநீர் விடுவதற்கான வெளியேற்ற அனுமதி பெற்ற இடத்தில் உடல்நலத்துக்கோ சுற்றுச்சூழலுக்கோ ஆபத்து தரக்கூடிய மீறல் நேர்ந்தால், தெரிந்த 24 மணி நேரத்துக்குள் வாய்மொழியாகவும் 5 நாளுக்குள் எழுத்திலும் தெரிவிக்க வேண்டும்.

4. சாம்பல் எங்கே நின்றது. கிடங்கைச் சுற்றியுள்ள வாய்க்காலுக்குள் நின்றதா, பொது நீர்நிலையைத் தொட்டதா என்பதுதான் திடக்கழிவு விதியிலிருந்து தூய நீர்ச் சட்டத்துக்குள் நுழையும் வாசல். சட்டனில் சாம்பல் கலந்த நீர் குளிரூட்டும் ஏரிக்குள் சென்றிருக்கக்கூடும் என்று செய்திகள் தெரிவித்தன. 1,100 ஏக்கர் பரப்புள்ள அந்த ஏரி, மின்நிலையத்துக்காகக் கட்டப்பட்டது; ஆனால் பொதுமக்கள் படகு விடுவதும் மீன் பிடிப்பதும் அங்கேதான்.

‘இயற்கைச் சீற்றம்’ என்ற வாதம்

நிறுவனங்கள் இத்தருணங்களில் முன்வைக்கும் பாதுகாப்பு வாதங்கள் இரண்டு. வெளியேற்ற அனுமதிகளில், தம் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட அசாதாரண நிகழ்வால் வரம்பு மீறப்பட்டது என்று வாதிடச் சில சூழல்களில் இடம் உண்டு. ஆனால் நிரூபிக்கும் சுமை நிறுவனத்தின் மேல். தவறான வடிவமைப்பாலோ தடுப்புப் பராமரிப்பு இல்லாததாலோ நேர்ந்தது என்றால் வாதம் நிற்காது. 24 மணி நேர அறிவிப்பைத் தவறவிட்டிருந்தாலும் நிற்காது. மாசு அகற்றும் செலவு பற்றிய சட்டத்தில் ‘கடவுள் செயல்’ என்றொரு விலக்கு இருக்கிறது. அதன் வரையறை, எதிர்பாராத பெரும் இயற்கைப் பேரிடர் என்பதோடு, உரிய கவனமும் முன்யோசனையும் இருந்தாலும் தடுத்திருக்க முடியாதது என்றும் சேர்த்துக் கேட்கிறது. நாள் கணக்கில் முன்கூட்டியே பாதை கணிக்கப்பட்ட புயல், அதுவும் புயல்கள் வந்துபோகும் கடற்கரையில், எதிர்பாராதது என்று நிலைநாட்டுவது எளிதல்ல.

ஆகவே, ‘எல்லா விதிகளையும் பின்பற்றினோம்’ என்ற அறிக்கை உண்மையாகவே இருந்தாலும் அது சொல்வது குறைவு. கிடங்கு 25 ஆண்டு மழைக்குக் கட்டப்பட்டிருந்தது என்பதையே அது சொல்கிறது. பெய்த மழைக்கு அது போதுமா என்பது விதியைப் பற்றிய கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் விதியை எழுதியவர்.

தண்ணீரில் தேடுவதும் வண்டலில் தேடுவதும்

செப்டம்பர் 21க்குப் பின் இன்னொரு சொல்லும் செய்திகளில் புழங்கியது: செனோஸ்பியர். சாம்பல் உருவாகும்போதே உள்ளே வாயு சிக்கி, உள்ளீடற்ற நுண்ணிய மணிகளாக உறையும் துகள்கள் இவை, சிலிக்காவும் அலுமினாவும் சேர்ந்தவை, தண்ணீரில் மிதப்பவை. மூழ்கிய பழைய குளத்திலிருந்து வெளியேறியவை செனோஸ்பியர்கள் என்றும், சாம்பல் அங்கேயே தங்கிவிட்டது என்றும் நிறுவனம் விளக்கியது. படிக்கும்போது இரண்டும் வேறு பொருட்கள் போலத் தோன்றும். செனோஸ்பியர் பறக்கும் சாம்பலின் ஒரு பகுதிதான். மிதக்கும் பகுதி வெளியேறியது என்றால், நீர் சாம்பலின் மேல் ஓடி வெளியே சென்றது என்பது உறுதியாகிறது. மூழ்கும் பகுதி எவ்வளவு சென்றது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

அடுத்து மாதிரிகள். வெள்ளம் பாயும் ஆற்றில் எடுத்த நீரில் ஆர்சனிக் வரம்புக்குள் இருந்தால், அந்த நேரத்தில் அந்த இடத்தில் நீர் பாதுகாப்பாக இருந்தது என்று மட்டும் கொள்ளலாம். பெருவெள்ளம் எதையும் நீர்க்கச் செய்துவிடும். சாம்பல் துகள் நீரோட்டம் தணியும் இடத்தில் அடியில் படிகிறது. அடிவண்டலில் வாழும் புழு பூச்சிகளை மீன் உண்கிறது. செலினியம் போன்றவை அந்த வழியில் உடலில் சேர்கின்றன. எனவே ஆற்று நீரில் நல்ல முடிவு வந்ததையும் ஏரி அடியில் சாம்பல் கிடப்பதையும் முரணாகக் கருத வேண்டியதில்லை.

சட்டன் ஏரியின் வண்டலை டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர் எடுத்துச் சோதித்தார்கள் (பெயர் ஒன்றானாலும் பல்கலைக்கழகம் வேறு, மின் நிறுவனம் வேறு). 2019இல் வெளியான முடிவின்படி, ஏரியின் அடியில் நிலக்கரிச் சாம்பல் இருந்தது. புயலுக்கு முன் 2015இல் எடுக்கப்பட்ட மாதிரிகளிலும் இருந்தது. யாரும் பதிவு செய்யாத வெளியேற்றங்கள் பலமுறை நடந்திருக்க வேண்டும் என்பதே அவர்கள் கண்ட விளக்கம். கிடங்கைச் சுற்றிக் குறைந்தது 4 கண்காணிப்புக் கிணறுகள் தோண்டி, ஆண்டுக்கு இருமுறை போரான், சல்பேட் முதலானவற்றை அளந்து, முடிவை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று 2015 விதி கேட்கிறது. அக்கிணறுகள் தொடுவது நிலத்தடி நீரை மட்டும். மழையோடு சரிவில் இறங்கி, வாய்க்காலைத் தாண்டி, ஏரிக்குள் போய்ப் படிந்த சாம்பலைத் தேடி ஏரி அடியில் வண்டல் எடுக்கும் வழக்கமான கடமை எதுவும் அந்த விதியில் இல்லை.